இயல் 4: வீட்டுப் பட்டறைக்கு ஒரு சிறு மில்லிங் எந்திரம்

மில்லிங் எந்திரம் என்பது, பல பற்களுடைய வெட்டுக்கருவி ஓரிடத்தில் நின்று சுழல, அதன் கீழே மேசையோடு இறுகப் பிணிக்கப்பட்ட உலோகத்துண்டு நீளவாக்கிலும் அகலவாக்கிலும் நகர்ந்து சீவப்படுவதற்காக அமைந்த எந்திரமாகும். லேத்தில் சுழல்வது பொருள். இங்கே சுழல்வது கருவி. ஆகவே உருளைகளும் மரைகளும் லேத்தின் வேலையாக இருக்க, தட்டையான முகங்கள், காடிகள், படிகள், ஒன்றிலிருந்து ஒன்று குறித்த தூரத்தில் அமைய வேண்டிய துளைகள் ஆகியவை மில்லிங் எந்திரத்தின் வேலையாகின்றன. அமெரிக்காவில் ஜோசப் பிரௌன் 1862இல் வடிவமைத்த பல்நோக்கு மில்லிங் எந்திரமும், 1938இல் விற்பனைக்கு வந்த பிரிட்ஜ்போர்ட் எந்திரமும் இக்கருவியின் வளர்ச்சியில் இரு பெரும் படிகள்; இன்று மேசைமேல் வைத்து இயக்கும் சிறு எந்திரங்கள், செங்குத்தான தூணில் தலைப்பகுதி ஏறி இறங்கும் அமைப்பைக் கொண்டு, இரண்டாவதன் வேலைகளைச் சிறிய அளவில் செய்பவை.

விலை குறைந்த எந்திரம் எதுவாயினும் குறையோடுதான் வரும். அக்குறைகளுள் எவை உரிமையாளர் தம் கையாலேயே பின்னர் சரிசெய்துகொள்ளத் தக்கவை, எவை எந்திரம் உள்ளவரை மாறாதவை என்று பிரித்தறிவதே வாங்குபவரின் முதன்மையான திறமை. விற்பனைத் தாளில் பெரிய எழுத்தில் அச்சாகும் மோட்டாரின் திறனும் எண்காட்டித் திரையும் முதல் வகையைச் சேர்ந்தவை. தாளில் பெரும்பாலும் இடம்பெறாத தூணின் கனமும் கருவியைத் தாங்கும் சுழல்தண்டின் உள்வடிவமும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. பணத்தை இரண்டாம் வகைக்குக் கொடுத்து, முதல் வகையைக் காலப்போக்கில் சேர்த்துக்கொள்வதே சிக்கனமான வழி.

செய்ய வேண்டிய வேலையும் அதன் அளவும்

எந்த அளவு எந்திரம் வேண்டும் என்பதை, எதைச் செய்யப் போகிறோம் என்பது முடிவு செய்கிறது. சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் வட்டத்துக் கீழச்சிவல்பட்டியை எடுத்துக்கொண்டால், அங்கும் காரைக்குடியைச் சுற்றியுள்ள ஏனைய செட்டிநாட்டு ஊர்களிலும் ஓர் உலோகவேலை ஆர்வலருக்கு வேலை வீட்டிலேயே காத்திருக்கிறது. பர்மாத் தேக்கில் கடைந்த நிலைக்கதவுகளின் பூட்டுகள், அவற்றின் நீளமான சாவிகள், கீல்கள், தாழ்ப்பாள்கள், பித்தளைக் குமிழ்கள், ஜன்னல் கொக்கிகள், தொங்குவிளக்கின் இணைப்புகள் என நூறாண்டைத் தொட்ட உருப்படிகள் பல இன்று எந்தக் கடையிலும் மாற்றுக்குக் கிடைப்பதில்லை. ஒரு கொக்கி உடைந்ததற்காக முழுப் பூட்டையும் கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடும் வழக்கம் இவ்வூர்களில் நேர்ந்துள்ள உண்மையான இழப்பு; ஒரு சிறு மில்லிங் எந்திரத்தால் அதன் பெரும்பகுதியைத் தடுத்துவிட முடியும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுத் தொழிலில் அரமும் கையுமாகச் செய்யப்படும் லீவர் தகடுகளையும் சாவிப் பற்களையும், அத்தொழிலில் பழகாத ஒருவர் ஒத்த துல்லியத்தோடு செய்ய விரும்பினால், அவருக்குத் துணையாவது இவ்வெந்திரமே.

இவ்வேலைகளை அளந்து பார்த்தால், சாவியின் பல், பூட்டின் லீவர், விளக்கின் இணைப்பு ஆகியவை பெரும்பாலும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்குபவை என்பது தெரியவரும். மேசை நீளவாக்கில் சுமார் 200 மில்லிமீட்டரும் அகலவாக்கில் சுமார் 100 மில்லிமீட்டரும் நகர்ந்தால் இவற்றுக்குப் போதும். கதவின் அகலத்தில் பாதிவரை ஓடும் நீண்ட கீல்பட்டைகளைத்தான் இரண்டு முறை மாற்றிப் பிடித்துச் செய்ய நேரும்; ஆண்டுக்கு ஓரிரு முறை வரும் அத்தகைய வேலைக்காகப் பெரிய எந்திரம் வாங்குவது வீண்செலவு. மாறாக, பழைய மோட்டார் சைக்கிளின் எஞ்சின் பெட்டியைச் சீவுவதோ, சிறு நீராவி எஞ்சின் மாதிரிகளின் அடித்தளத்தைச் செய்வதோ நோக்கமாக இருந்தால், நகர்வெல்லை 300 மில்லிமீட்டருக்குக் குறையாத எந்திரத்தைத் தேட வேண்டும்.

பின்னர் மாற்ற இயலாதவை

இவற்றுள் தலையாயது விறைப்பு. வெட்டும்போது எழும் விசைக்கு வளைந்துகொடுக்காமலும் அதிராமலும் நிற்கும் தன்மையே விறைப்பு எனப்படுகிறது. அது வார்ப்பிரும்பின் கனத்திலும், தூண் அடித்தளத்தோடு சேரும் இடத்தின் அகலத்திலும், சறுக்குப் பாதைகளின் நீளத்திலும் அடங்கியுள்ளது. அது ஏன் மோட்டாரின் திறனைவிட முக்கியமானது என்பதை ஒரு சிறு கணக்கு தெளிவாக்கும். பத்து மில்லிமீட்டர் விட்டமும் நான்கு பற்களும் உடைய ஓர் எண்ட் மில், அதாவது நுனியாலும் பக்கத்தாலும் வெட்டும் கருவி, எம்.எஸ். எனப்படும் மென்னிரும்பில் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓடுவதாகவும், பல்லொன்றுக்கு 0.03 மில்லிமீட்டர் வீதம் முன்னேறி ஒரு மில்லிமீட்டர் ஆழத்தில் காடி வெட்டுவதாகவும் கொள்ளலாம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,000 கன மில்லிமீட்டர் இரும்பு சுருளாக வெளியேறும். ஒரு கன மில்லிமீட்டர் மென்னிரும்பைச் சீவ 2 முதல் 3 ஜூல் ஆற்றல் போதுமாதலால், இவ்வேலை முழுவதற்கும் வேண்டிய திறன் சுமார் 35 முதல் 50 வாட் மட்டுமே. கருவி மழுங்கியிருந்தாலும் பல்சக்கரங்களில் இழப்பு நேர்ந்தாலும் அது 100 வாட்டை எளிதில் தாண்டாது. ஆனால் 350 வாட் அல்லது 500 வாட் மோட்டார் பொருத்திய மெலிந்த எந்திரம் இதே வெட்டில் உறுமி அதிர்ந்து, வெட்டிய முகத்தில் அலையலையாகக் கோடு விழச் செய்யும். மோட்டாரின் வலு தீர்வதற்கு நெடுமுன்பே தூணின் வலு தீர்ந்துவிடுகிறது. 750 வாட் என்ற விளம்பரத்தைக் கண்டு மயங்குவோர் இக்கணக்கை ஒருமுறையேனும் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆகவே இரு எந்திரங்கள் ஒத்த விலையில் கிடைக்கும்போது, எடை கூடியதைத் தேர்வது பெரும்பாலும் தவறாகாது. எடையோடு தூணின் வகையையும் நோக்க வேண்டும். உருண்டைத் தூணில் தலைப்பகுதியை உயர்த்தினாலோ தாழ்த்தினாலோ அது பக்கவாட்டில் திரும்பிவிடுவதால், துளையிடும் கருவியை எடுத்துவிட்டு எண்ட் மில்லை மாட்டுவதற்காகத் தலையை உயர்த்தியவுடன், முன்பு பிடித்த மையம் தொலைந்துபோகும். புறாவால் வடிவச் சறுக்குப்பாதை கொண்ட சதுரத் தூணில் இத்தொல்லை இல்லை. சதுரத் தூணிலும், இடமும் வலமும் சாய்க்கத்தக்கதாக ஒரே பெரிய போல்ட்டில் தொங்கும் தூணைவிட, அடித்தளத்தோடு அசையாமல் பல போல்ட்டுகளால் பிணைக்கப்பட்ட தூண் உறுதியானது. சாய்ந்த முகம் வேண்டிய அரிய வேளைகளில் பொருளைச் சாய்த்துப் பிடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஸ்பிண்டிலின் டேப்பர், அதாவது கருவியைத் தாங்கும் சுழல்தண்டின் உட்புறம் கூம்பாகக் குடையப்பட்டிருக்கும் வடிவம். சிறு எந்திரங்களில் மோர்ஸ் டேப்பர் 2, மோர்ஸ் டேப்பர் 3, ஆர்8 ஆகிய மூன்றும் வழங்குகின்றன. மோர்ஸ் டேப்பரின் சரிவு மிகக் குறைவாதலால் கருவி தானே இறுகிக்கொள்கிறது. கழற்றும்போது மேலிருந்து சுத்தியலால் தட்ட வேண்டியிருப்பதால் சிறு பேரிங்குகள் காலப்போக்கில் அடிபடுகின்றன. பிரிட்ஜ்போர்ட் எந்திரத்தோடு பரவிய ஆர்8 வடிவம் சரிவு கூடியது. டிரா பார் எனப்படும் மேலிழுக்கும் நீண்ட போல்ட்டைத் தளர்த்தி இலேசாகத் தட்டினால் கழன்றுவிடும். மோர்ஸ் டேப்பர் 3க்குரிய கருவிகள் இந்தியச் சந்தையில், லேத்துக்கும் துளையிடும் எந்திரத்துக்கும் பொதுவாதலால், எளிதாகக் கிடைக்கின்றன என்பது அதன் பக்கம் உள்ள நியாயம். இவ்விரண்டில் எதுவும் ஏற்கத்தக்கதே. மோர்ஸ் டேப்பர் 2 இரும்பு வேலைக்கு மெலிந்தது. தனக்கென ஒரு புதுவடிவ டேப்பரைக் கொண்டு, கருவிகளையும் அதே விற்பனையாளரிடமே வாங்க வேண்டிய நிலையை உண்டாக்கும் எந்திரம் எத்துணை மலிவாயினும் தவிர்க்கத்தக்கது.

மேசைக்கும் ஸ்பிண்டில் முனைக்கும் இடையே கிடைக்கும் உயரம், புதிதாக வாங்குவோர் கவனிக்கத் தவறும் அளவு. வைஸின் தரை மேசையிலிருந்து 60 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது; அதில் பிடித்த பொருள் 30; பத்து மில்லிமீட்டர் டிரில் பிட் சக்கிலிருந்து நீண்டிருப்பது 95; சக்கும் அதன் தண்டும் சேர்ந்து 110. ஆக 295 மில்லிமீட்டர் போய்விடுகிறது, டிரில் பிட்டை மேலே தூக்கி எடுக்க வேண்டிய இடைவெளி இன்னும் கணக்கில் வரவில்லை. இந்த உயரம் 300 மில்லிமீட்டருக்கும் குறைவான எந்திரங்கள் விற்கப்படுகின்றன. அவற்றில் ஒவ்வொரு துளைக்கும் குட்டையான பிட் தேட நேரும்.

வேகத்தின் கீழெல்லையும் இவ்வகையைச் சேர்ந்ததே. வெட்டுவேகத்தை 1,000ஆல் பெருக்கி, கருவியின் விட்டத்தையும் 3.14ஐயும் பெருக்கி வந்த எண்ணால் வகுத்தால் நிமிடச் சுற்று கிடைக்கும். ஹை ஸ்பீடு ஸ்டீல் கருவிக்கு மென்னிரும்பில் நிமிடத்துக்கு 25 மீட்டர் என்பது பாதுகாப்பான வெட்டுவேகம். சாவியின் பற்களுக்கிடையே இடுக்கு வெட்டப் பயன்படும் 63 மில்லிமீட்டர் விட்ட ஸ்லிட்டிங் சா, அதாவது வட்டத்தகடு வடிவ வாள், இக்கணக்கின்படி நிமிடத்துக்குச் சுமார் 125 சுற்றில் ஓட வேண்டும். குறைந்த வேகமே 500 சுற்று என்று தொடங்கும் எந்திரத்தில் அதன் பற்கள் ஒரே வெட்டில் கருகிப்போகும். 100 சுற்றுவரை இறங்குவதோடு, அவ்வேகத்திலும் விசை குன்றாதிருப்பதே வேண்டப்படுவது. மின்னணுக் கட்டுப்பாட்டால் மட்டும் வேகம் குறைக்கப்படும் மோட்டாரில் திறனும் கூடவே குறைந்துவிடுமாதலால், பல்சக்கரத்தாலோ பெல்ட்டாலோ இரண்டு படிநிலைகளாவது இருப்பது நல்லது. மேலெல்லை 2,000 அல்லது 2,500 இருந்தால் பித்தளை வேலைக்கும் போதும்.

பின்னர் சரிசெய்யத் தக்கவை

சறுக்குப் பாதையின் இடைவெளியை நிரப்பும் ஜிப் பட்டை சரியாகத் தீட்டப்படாமலிருப்பது, திருகும் கைப்பிடியைத் திசைமாற்றும்போது மேசை நகராமல் கைப்பிடி மட்டும் சிறிது வெறுமனே சுழல்வது (பட்டறைகளில் இதைப் பிளே என்பர்), அளவுவட்டத்தின் கோடுகள் மங்கியிருப்பது, தலைப்பகுதியில் உள்ள நைலான் பல்சக்கரம் உடைவது ஆகியவை மலிவான எந்திரங்களின் வழக்கமான குறைகள். ஜிப் பட்டையை மணல்தாளும் நீலமையும் கொண்டு ஒரு நாள் உழைப்பில் படியவைத்துவிடலாம். பிளே 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர்வரை இருப்பது இயல்பு; கருவியின் சுழற்சிக்கு எதிராகப் பொருளை ஊட்டும் எதிர்வெட்டு முறையையே கைக்கொண்டு, அளவை எப்போதும் ஒரே திசையிலிருந்து நெருங்கினால் அதனால் கேடில்லை. நைலான் சக்கரம் உடைந்தால் பெல்ட் அமைப்புக்கு மாற்றிக்கொள்ளலாம். எண்காட்டி, மேசையைத் தானே நகர்த்தும் மோட்டார், கணினிக் கட்டுப்பாடு ஆகிய மூன்றும் எந்நாளிலும் சேர்க்கத்தக்கவையாதலால், முதல் கொள்முதலில் அவற்றுக்காகக் கூடுதல் விலை கொடுப்பது தேவையற்றது.

கிடைக்கும் வகைகள்

மிகவும் மலிவான வழியாகப் பலருக்குத் தோன்றுவது, துளையிடும் எந்திரத்தின் கீழே இருதிசை நகர்மேசை ஒன்றை மாட்டிக்கொள்வது. இது கூடாது. துளையிடும் எந்திரத்தின் பேரிங்குகள் மேலிருந்து கீழ்நோக்கிய அழுத்தத்தைத் தாங்க அமைந்தவை; பக்கவாட்டு விசை விழுந்தவுடன் தண்டு ஆடும். அதைவிடத் தீயது, அதன் சக் டிரா பார் இல்லாமல் கூம்புப் பிடிப்பில் மட்டும் நிற்பதால், பக்கவிசையில் தளர்ந்து சுழன்றபடியே கழன்று விழக்கூடும் என்பது. ஏற்கெனவே லேத் வைத்திருப்பவர் அதன் குறுக்குச் சறுக்கில் செங்குத்து ஸ்லைடு ஒன்றைப் பொருத்தி, கருவியை லேத்தின் தலையில் மாட்டிச் சிறு காடிகளை வெட்டிக்கொள்வது நெடுங்காலமாக நடைமுறையில் உள்ள முறை. மாதம் ஒரு சாவிக்கு அது போதும், அதற்கு மேல் பொறுமை வேண்டும்.

புதிய எந்திரங்களுள் உலகெங்கும் மிகுதியாக விற்பனையாவது, ஷாங்காயின் சீக் நிறுவனம் செய்யும் எக்ஸ்2 வகையும் அதன் வழிவந்தவையும். இவையே பல நாடுகளில் வெவ்வேறு பெயரிலும் நிறத்திலும் விற்கப்படுகின்றன. சுமார் 60 கிலோ எடையுள்ள இவ்வகையின் பழைய மாதிரிகளில் தூண் ஒற்றைப் போல்ட்டில் நிற்கிறது. பின்வந்த சில மாதிரிகள் அசையாத் தூணும், பிரஷ் இல்லாத மோட்டாரும், பெல்ட்டும் கொண்டவை. சாவியும் பூட்டும் விளக்கும் என்ற அளவில் நிற்பவருக்குப் பின்வந்த மாதிரி போதுமானது. அடுத்த படியிலுள்ள எக்ஸ்3 வகை சுமார் 165 கிலோ எடையுடையது. இரும்பில் அது காட்டும் அமைதி முந்தையதில் கிடைக்காது. வசதியும் இடமும் உள்ளவர் நேராக இந்தப் படிக்கு வருவதே நல்லது. சிறியதை வாங்கி இரண்டாண்டில் விற்றுப் பெரியதற்கு மாறுவோர் இருமுறை செலவழிக்கின்றனர். இறக்குமதியாகும் எந்திரத்தின் வெளிநாட்டு விலையைப் பார்த்து முடிவுசெய்யலாகாது. கப்பல் கூலி, சுங்கத் தீர்வை, 18 சதவீதச் சரக்கு சேவை வரி ஆகியவை சேர்ந்த இறுதி விலையை எழுத்தில் பெற்று, உதிரி மின்பலகை இந்தியாவில் இருப்பில் உள்ளதா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

மூன்றாவது வழி பழைய இந்திய எந்திரம். 1953இல் நிறுவப்பட்ட எச்.எம்.டி. நிறுவனம் அரியானாவின் பிஞ்சோர் ஆலையில் செய்த எஃப்.என். வரிசை மில்லிங் எந்திரங்கள் பல பட்டறைகளில் இன்றும் ஓடுகின்றன. அவற்றின் வார்ப்பும் சறுக்குப் பாதையும் எந்தப் புதிய சிறு எந்திரமும் நெருங்க முடியாத தரத்தவை. ஆயினும் எடை டன் கணக்கில் போவதால் அவை வீட்டுக்குரியவை அல்ல. லூதியானா, படாலா முதலிய பஞ்சாப் நகரங்களில் செய்யப்பட்டு எம்1டிஆர் என்ற பெயரில் சந்தையில் வழங்கும் பிரிட்ஜ்போர்ட் வடிவ எந்திரங்கள் ஒரு டன்னை ஒட்டியவை. கோயம்புத்தூரிலும் சென்னை அம்பத்தூரிலும் திருச்சி துவாக்குடியிலும் பட்டறைகள் கணினி எந்திரங்களுக்கு மாறும்போது இவை விற்பனைக்கு வருகின்றன. தனித்த பட்டறைக் கொட்டகையும் காங்கிரீட் தளமும் உள்ளவருக்கு, புதிய எக்ஸ்3இன் விலையை ஒட்டி நல்ல நிலையில் ஒன்று அமையுமானால், இதைவிடச் சிறந்த கொள்முதல் இல்லை. இவற்றின் மூன்று ஃபேஸ் மோட்டாரை வீட்டின் ஒற்றை ஃபேஸ் 230 வோல்ட்டில் ஓட்ட வி.எஃப்.டி. எனப்படும் அலைவெண் மாற்றி உதவுகிறது. ஆனால் அந்த மாற்றி தருவதும் 230 வோல்ட் மூன்று ஃபேஸ்தான் என்பதையும், 415 வோல்ட்டுக்கு ஸ்டார் முறையில் கட்டப்பட்ட மோட்டாரை டெல்டா முறைக்கு மாற்றினால்தான் அது முழு விசையோடு ஓடும் என்பதையும் மறக்கலாகாது. மோட்டாரிலிருந்து மூன்று கம்பிகள் மட்டும் வெளியே வந்திருந்தால், உள்ளே உள்ள ஸ்டார் முடிச்சைப் பிரித்து ஆறு முனைகளையும் வெளியே எடுக்க ஒரு காயில் கட்டுபவரின் உதவி வேண்டும்.

பார்த்து வாங்குதல்

பழையதாயினும் புதியதாயினும் எந்திரத்தை நேரில் சோதிக்காமல் முன்பணம் தரலாகாது. சோதனைக்கு வேண்டியவை காந்த அடியோடு கூடிய 0.01 மில்லிமீட்டர் டயல் கேஜ் ஒன்றும், பெரிய பேரிங்கின் வெளிவளையம் ஒன்றும். லாரிப் பட்டறைகளில் கழித்துப்போடும் பால் பேரிங்கின் வெளிவளையம், இரு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாகத் தீட்டப்பட்டதாதலால், சிறு மேசையின் மேல் வைக்கத்தக்க நம்பகமான வட்டத் தளமாகிறது. மேசையில் உள்ள டி காடிகளில் கேஜின் முள் விழுந்து தடைப்படும் தொல்லையும் இதனால் நீங்குகிறது. கேஜை ஸ்பிண்டிலில் ஒரு கையில் நீட்டிப் பொருத்தி, முனை வளையத்தின் முகத்தைத் தொடுமாறு வைத்து, ஸ்பிண்டிலைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். இடமும் வலமும் வரும் வேறுபாட்டைச் சாய்க்கத்தக்க தூணில் திருகிச் சரிசெய்துவிடலாம். முன்னும் பின்னும் வரும் வேறுபாடே கவனிக்கத்தக்கது. அதைத் தூணின் அடியில் மெல்லிய தகடு வைத்துத்தான் திருத்த முடியும். நூறு மில்லிமீட்டருக்கு 0.02 வந்தால் எந்திரம் நன்று, 0.05வரை பொறுக்கலாம், அதற்கு மேல் போனால் தகடு வைக்கும் உழைப்பை விலையில் கழித்துக் கேட்க வேண்டும்.

இதே நிலையில் கேஜை வைத்துக்கொண்டே தலைப்பகுதியின் பூட்டுத் திருகை இறுக்கிப் பார்க்க வேண்டும். முள் 0.02க்கு மேல் நகர்ந்தால் ஜிப் பட்டை தளர்ந்துள்ளது என்று பொருள். பின்னர் கேஜின் முனையை ஸ்பிண்டிலின் உட்கூம்பில் தொடவிட்டுச் சுற்றும்போது 0.01க்குள் ஆட்டம் இருப்பது சிறப்பு, 0.02ஐத் தாண்டினால் எண்ட் மில்லின் பற்கள் சமமாக வெட்டாமல் ஒரு பல்லின் மீதே சுமை மிகும். மரக்கட்டை ஒன்றை நெம்புகோலாக வைத்து ஸ்பிண்டிலை மேல்நோக்கி அழுத்தி, முள்ளில் தெரியும் அசைவைக் கொண்டு பேரிங்கின் தளர்வை அறியலாம். பழைய எந்திரத்தில் மேசைத் திருகின் பிளேவை ஓரிடத்தில் மட்டும் அளந்து நிறுத்தக்கூடாது. நடுப்பகுதியிலும் இரு கோடிகளிலும் தனித்தனியே அளக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் வேலை நடந்தது நடுவில்தான். நடுவுக்கும் கோடிக்கும் வேறுபாடு மிகுந்திருந்தால், நட்டை நடுவுக்கேற்ப இறுக்கும்போது கோடியில் மேசை சிக்கிக்கொள்ளும். அப்போது திருகையே மாற்ற வேண்டும்.

எந்திரத்துக்கு அப்பால் ஆகும் செலவு

கையிலுள்ள பணம் முழுவதையும் எந்திரத்துக்கே செலவிட்டவர், வாங்கிய மறுநாள் எதையும் வெட்ட முடியாமல் நிற்பார். எந்திரத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு, கருவிகளுக்கு ஒரு பங்கு என்று முதலிலேயே ஒதுக்கிவைப்பது தக்கது. முதலில் வேண்டுவது வைஸ்; சிறு எந்திரத்துக்கு 75 அல்லது 80 மில்லிமீட்டர் தாடையுள்ள, நான்கு புறமும் தீட்டப்பட்ட டூல்மேக்கர் வைஸ் பொருந்தும். திரும்பும் அடித்தட்டு கொண்ட வைஸ் உயரத்தையும் விறைப்பையும் ஒருசேரத் தின்றுவிடுமாதலால் வேண்டா. எண்ட் மில்லை டிரில் சக்கில் பிடிப்பது ஆபத்து. ஈஆர்25 அல்லது ஈஆர்32 கோலெட் பிடிப்பானும் 6, 8, 10, 12 மில்லிமீட்டர் கோலெட்டுகளும் போதும், முழுத் தொகுதி பின்னால் வரட்டும். கோலெட்டை முதலில் நட்டுக்குள் சற்றுச் சாய்த்து அழுத்தி, ‘டக்’ என்று அமரவைத்த பிறகே நட்டைப் பிடிப்பானில் திருக வேண்டும். கோலெட்டைப் பிடிப்பானில் போட்டுவிட்டு மேலே நட்டை இறுக்குபவர் கோலெட்டையும் கெடுத்து, கருவியும் நேராகச் சுழலாததைக் காண்பார்.

வெட்டுக்கருவிகளில், தொடக்கத்தில் கார்பைடைவிட ஹை ஸ்பீடு ஸ்டீலே நல்லது. சிறு எந்திரத்தின் அதிர்வில் கார்பைடின் நுனி பொடிந்துவிடும். சென்னையின் அடிசன் போன்ற இந்திய நிறுவனங்களின் கருவிகள் மதுரை, திருச்சி கடைவீதிகளில் கிடைக்கின்றன. பெயரில்லாத இருபது கருவிகள் அடங்கிய பெட்டியின் விலைக்கு நல்ல எண்ட் மில் நான்கு வாங்கிவிடலாம், நான்கே மேல்.

வீட்டில் நிறுவுதல்

செட்டிநாட்டு வீட்டின் அமைப்பு இதற்குச் சில நிபந்தனைகளை விதிக்கிறது. வளவிலும் பட்டாலையிலும் பதித்த ஆத்தங்குடிக் கற்கள் சிமெண்டால் ஆன, எண்ணெயை உறிஞ்சும் பரப்புடையவை. வெட்டும் எண்ணெய் ஒருமுறை சிந்தினால் கறை போவதரிது, இரும்புச் சுருள் காலில் அரைபட்டால் பளபளப்பும் போய்விடும். ஆகவே எந்திரத்துக்குரிய இடம் பின்கட்டு அல்லது தோட்டத்துக் கொட்டகை. மேடை உயர்ந்த வீட்டின் படிகளையும் உயர்ந்த நிலைப்படிகளையும் தாண்டி 165 கிலோவை உள்ளே கொண்டுசெல்வது எளிதன்று. தலைப்பகுதி, தூண், மேசை என்று மூன்றாகக் கழற்றி எடுத்துச்சென்று உள்ளே பூட்டுவதே பாதுகாப்பானது.

பழைய வீடுகளின் மின்கம்பிகளில் எர்த் இணைப்பு இல்லாதிருப்பது பொதுவான குறை. எந்திரத்துக்கெனத் தனிக் கம்பியும் எர்த் குழியும், மின்கசிவு நேர்ந்தவுடன் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் போட்ட பின்னரே எந்திரத்துக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் கட்டுப்பாட்டுப் பலகையைக் காக்க ஸ்டெபிலைசர் ஒன்று தேவைப்படும். கட்டுப்பாட்டுப் பெட்டியின் காற்றுத்துளைகளில் நுண்ணிய கம்பிவலை கட்டுவதும் கட்டாயம். வெப்பம் தேடி உள்ளே நுழையும் பல்லி ஒன்று இரு முனைகளைத் தொட்டுச் செத்தாலும் பலகை எரிந்துவிடும், எலி புகுந்தால் கம்பி மிஞ்சாது. வேட்டி, துண்டு, முந்தானை, கையுறை ஆகியவை சுழலும் ஸ்பிண்டிலுக்கு அருகே வரலாகாது. கண்ணாடி அணியாமல் இயக்கலாகாது. சுருளைக் கையால் தள்ளாமல் தூரிகையால் தள்ள வேண்டும்.

இவ்வூர்களின் பல வீடுகள் ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடந்து, திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் மட்டும் திறக்கப்படுபவை. சென்னையிலோ வெளிநாட்டிலோ வாழ்ந்து, விடுமுறைக்கு வரும்போது மட்டும் பட்டறையில் அமர்பவர், ஐப்பசி கார்த்திகை மழையின் ஈரத்தில் எந்திரம் தனித்திருக்கும் என்பதை எண்ணியே பராமரிப்பை அமைத்துக்கொள்ள வேண்டும். தேங்காய் எண்ணெய் பூசிவிட்டுப் போவது வழக்கமாயினும் அது மாதங்களில் பிசினாகி ஜிப் பட்டையை ஒட்டிவிடும். ஓரிரு வார இடைவெளிக்கு 68 எண் சறுக்குப்பாதை எண்ணெய் போதும். நீண்ட இடைவெளிக்குத் துருத்தடுப்பு மெழுகெண்ணெயை மேசை, சறுக்குப் பாதைகள், ஸ்பிண்டிலின் உட்கூம்பு ஆகியவற்றில் தடித்துப் பூசி, பருத்தித் துணியால் மூடி, மின்செருகியைக் கழற்றிவிட வேண்டும். பிளாஸ்டிக் தாளால் மூடினால் ஈரம் உள்ளேயே தங்கும். திரும்பி வந்து மீண்டும் இயக்கும் நாளில், மெழுகை மண்ணெண்ணெயால் துடைத்து, கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பூச்சியும் கூடும் இல்லையென்று கண்டு, ஸ்பிண்டிலைக் கையால் பத்துச் சுற்றுச் சுற்றி, குறைந்த வேகத்தில் கால் மணி நேரம் வெறுமனே ஓடவிட்ட பிறகே பொருளை வைஸில் பிடிக்க வேண்டும்.